பள்ளியை விட்டு வீட்டிலேயே படிக்க வைப்பது: டிசி, எமிஸ், எட்டாம் வகுப்புத் தேர்வு, என்ஐஓஎஸ் – விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நொய்யல்_கரை:

வணக்கம். கோவையில் இருக்கிறோம். மகள் மெட்ரிக் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு, 2015 ஆகஸ்ட் பிறப்பு. இந்த ஆண்டோடு நிறுத்திவிட்டு வீட்டில் கற்பிக்க முடிவு செய்திருக்கிறோம். மகனுக்கு ஐந்தரை வயது, இன்னும் எங்கும் சேர்க்கவில்லை.

"ஏன்" என்ற விவாதம் வீட்டில் நடந்து முடிந்துவிட்டது, அதை இங்கே மறுபடி தொடங்க வேண்டாம். எனக்கு வேண்டியது நடைமுறை. சட்டப்படி யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? டிசி வாங்கிய பிறகு அந்த எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவேட்டில் மாணவருக்குத் தரும் எண்) என்னவாகும்? பத்தாம் வகுப்பை எந்த வழியில் எழுதுவது? இடையில் மனம் மாறினால் பள்ளியில் திரும்பச் சேர்ப்பார்களா?

படிவம்_பதினொன்று:

அனுமதி தரும் அதிகாரி என்று யாரும் இல்லை. விண்ணப்பிக்கப் படிவமும் இல்லை. "கல்வி அலுவலகத்தில் அப்ரூவல் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சட்டம் இப்படி நிற்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையிலான குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் பிரிவு 10 சொல்கிறது. ஆனால் அந்தக் கடமையைச் செய்யாத பெற்றோருக்கு அச்சட்டத்தில் தண்டனை எதுவும் எழுதப்படவில்லை. வீட்டுக்கல்வியை அனுமதிக்கும் வரியும் இல்லை, தடுக்கும் வரியும் இல்லை. ஒரே விதிவிலக்கு 2012 திருத்தத்தில் வந்தது: கடுமையான அல்லது பல்வகை மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளுக்கு வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமை வெளிப்படையாக உண்டு. உங்கள் குழந்தைகள் அந்த வகையில் வந்தால் சொல்லுங்கள். அது வேறு பாதை, டிசியே வாங்கக் கூடாது. பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருக்கும்போதே சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வரும் ஏற்பாடு அதில் இருக்கிறது.

டிசி விஷயம். கல்வியாண்டு முடிந்ததும் கேளுங்கள், நடுவில் கேட்டால் கட்டணப் பிரச்சினையில் இழுப்பார்கள். கட்டண பாக்கியைக் காரணம் காட்டி டிசியை நிறுத்தி வைக்கக் கூடாது, பாக்கி இருப்பதாக டிசியில் குறிக்கவும் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. கையில் வந்ததும் அங்கேயே நின்று மூன்றைச் சரிபாருங்கள்: பிறந்த தேதி, பெயரின் எழுத்துக்கூட்டல், "ஐந்தாம் வகுப்பு முடித்தார்" என்ற குறிப்பு. எமிஸ் எண்ணைத் தனியாகவும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டிசி கொடுத்ததும் குழந்தையின் பெயர் எமிஸில் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். வேறு பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளாத வரை கணினிக்கு அவள் இடைநின்ற மாணவிதான். அதனால் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு நடக்கும்போது வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநரோ பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரோ வீட்டுக்கு வரலாம், போனில் கேட்கலாம். பயப்படவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். குழந்தைத் தொழிலாளராகவோ திருமணம் செய்துவைக்கப்பட்டோ குழந்தை காணாமல் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கணக்கெடுப்பு, அது நடக்கத்தான் வேண்டும். ஒரு பக்கக் கடிதம் தயாராக இருக்கட்டும்: குழந்தையின் பெயர், பிறந்த தேதி, எமிஸ் எண், எந்தப் பாடத்திட்டத்தில் வீட்டில் படிக்கிறார், எந்தத் தேர்வுக்குத் தயாராகிறார், இரு பெற்றோர் கையெழுத்து. ஒரு பிரதி அவர்களுக்கு, ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் உங்களுக்கு.

மகனுக்கு எமிஸ் எண்ணே இல்லை என்பதால் பிறப்புச் சான்றிதழும் ஆதாரும்தான் அவனுடைய முழு ஆவணம். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பெயர் இல்லாத சான்றிதழை வைத்திருக்கும் வீடுகள் நிறைய.

திரும்பச் சேர்ப்பது எட்டாம் வகுப்பு வரை எளிது. பிரிவு 4-இன்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தேவைப்பட்டால் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். டிசி இல்லை என்று அரசுப் பள்ளி மறுக்க முடியாது. ஒன்பதாம் வகுப்பு என்று வரும்போதுதான் கதவு குறுகுகிறது. அங்கே எட்டு முடித்ததற்குத் தாள் கேட்பார்கள்.

தனித்தேர்வர்_மேசை:

மேலே சொன்ன கடைசி வரிதான் முக்கியம். அந்தத் தாளுக்கு ஒரு வழி இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை: அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு. பள்ளியிலேயே படிக்காதவரும் எழுதலாம். 12½ வயது முடிந்திருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து தாள். அரசுத் தேர்வுகள் சேவை மையத்துக்கு நேரில் போய்ப் பதிவு செய்ய வேண்டும், வீட்டிலிருந்து முடியாது. நாளிதழில் வரும் சின்னச் செய்திக்குறிப்பைத் தவறவிட்டால் கூடுதல் கட்டணத்தோடு தட்கல். அதையும் விட்டால் அடுத்த தேர்வுதான்.

உங்கள் மகளுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12½ வயது 2028 பிப்ரவரியில் நிறைகிறது. அதற்குப் பிறகு வரும் முதல் தேர்வை எழுதி வைத்துவிட்டால் ஒன்பதாம் வகுப்பில் எந்தப் பள்ளியிலும் கேட்கலாம், மாநிலப் பத்தாம் வகுப்பை நேரடித் தனித்தேர்வராகவும் எழுதலாம், என்ஐஓஎஸ் என்ற திறந்தநிலைப் பள்ளிக்கும் போகலாம். மூன்று கதவையும் திறந்து வைப்பது இந்த ஒரு தேர்வு. ஆகவே எந்தப் போர்டு என்று இன்றைக்கு முடிவெடுக்க வேண்டிய அவசியமில்லை, 2028 வரை நேரம் இருக்கிறது.

பத்தாம் வகுப்புக்கு வருவோம்.

மாநிலப் பாடத்திட்டத்தில் நேரடித் தனித்தேர்வராக எழுத 14½ வயது வேண்டும். மகளுக்கு அது 2030 பிப்ரவரி. பள்ளியில் தொடர்ந்திருந்தால் எழுதும் அதே பொதுத்தேர்வை ஒரு நாள்கூடத் தள்ளாமல் எழுத முடியும். பலர் இடறுவது அறிவியலில். எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. தேர்ச்சிக்கு எழுத்தில் 20, செய்முறையில் 15 தேவை. செய்முறைக்குத் தனித்தேர்வர்கள் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் முன்கூட்டியே பதிவு செய்து, அவர்கள் ஒதுக்கும் பள்ளியில் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும், 80 சதவீத வருகை வேண்டும். தேர்வு விண்ணப்பம் தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே இந்தப் பதிவு முடிந்துவிடும். "விண்ணப்பம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று இருப்பவர்கள் முழு ஆண்டை இழப்பது இதனால்தான். பகுதி 1 தமிழ் கட்டாயம்.

என்ஐஓஎஸ் மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி. நொய்டாவில் தலைமையகம், சென்னையில் மண்டல மையம். பத்தாம் வகுப்புக்குக் குறைந்தபட்ச வயது 14. எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் "பத்தாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கும் அளவுக்கு வீட்டில் படித்திருக்கிறேன்" என்று சுய உறுதிமொழி போதும். ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும், இரண்டு மொழிக்கு மேல் கூடாது. கூடுதலாக இரண்டு பாடம் எடுக்கலாம். தமிழும் பாடமாக இருக்கிறது. பதிவு ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. ஒரே அமர்வில் ஐந்தையும் எழுத வேண்டும் என்றில்லை, பிரித்து எழுதலாம். இந்தச் சுதந்திரத்துக்காகத்தான் பெரும்பாலான வீட்டுக்கல்விக் குடும்பங்கள் இங்கே வருகின்றன.

சேர்க்கை ஆண்டுக்கு இரண்டு முறை. வழக்கமாக மார்ச் நடுவிலிருந்து ஜூலை வரை சேர்பவர்கள் அடுத்த ஏப்ரலிலும், செப்டம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை சேர்பவர்கள் அக்டோபரிலும் எழுதுவார்கள். இங்கே ஆகஸ்ட் பிறப்பு உங்களைக் கொஞ்சம் கடிக்கும். 2029 ஆகஸ்டில்தான் 14. அதனால் ஜூலையில் முடியும் சேர்க்கையில் இடம் கிடைக்காது, 2030 ஏப்ரல் தேர்வு போய்விடும். அக்டோபர் 2030 அல்லது அதற்கும் பிறகுதான். வயதைக் கணக்கிடும் தேதி அந்தந்தக் கையேட்டில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையே இரண்டு ஆண்டு இடைவெளி கட்டாயம். ஓராண்டு கழித்து நான்கு பாடம் வரை எழுதலாம், ஐந்தாவதை இரண்டாண்டு முடிந்துதான் எழுத முடியும். எனவே பத்தில் தள்ளிய அரை ஆண்டு பன்னிரண்டிலும் தள்ளும். கல்லூரிச் சேர்க்கை ஜூனில் நடக்கும் ஊரில் அக்டோபர் என்றால் ஒரு முழு ஆண்டு.

என்ஐஓஎஸ்ஸில் வழக்கமாக நடக்கும் கோளாறுகள்:

சேர்க்கைக் கட்டணம் கட்டியாயிற்று, தேர்வுக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துவிடுவது. தேர்வுக் கட்டணம் தனி, அதற்கான தேதியும் தனி. கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் வராது.

டிஎம்ஏ எனப்படும் ஒப்படைப்பை அலட்சியப்படுத்துவது. மதிப்பெண்ணில் 20 சதவீதம் அதற்கு. கொடுக்காவிட்டால் எழுத்துத் தேர்வை 80-க்குத்தான் எழுதுகிறீர்கள்.

கணிதத்துக்கும் செய்முறை இருப்பது கடைசி மாதத்தில் தெரியவருவது. எழுத்திலும் செய்முறையிலும் தனித்தனியே 33 சதவீதம் எடுக்க வேண்டும். செய்முறை நீங்கள் தேர்ந்தெடுத்த படிப்பு மையத்தில் நடக்கும். சேரும் முன் அந்த மையத்துக்கு நேரில் போய் ஆய்வகம் இருக்கிறதா, போன் எடுக்கிறார்களா என்று பாருங்கள். பெயருக்கு இருக்கும் மையங்களும் உண்டு.

சிபிஎஸ்இ வழி உங்களுக்கு இல்லை. அதன் தனித்தேர்வர் விதி பெரும்பாலும் ஏற்கெனவே எழுதித் தோற்றவர்களுக்கானது. கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ (பத்தாம் வகுப்பு நிலைப் பன்னாட்டுத் தேர்வு) தனியாக எழுதலாம். ஆனால் தனித்தேர்வரை ஏற்கும் மையத்தை நீங்களே தேட வேண்டும், செலவு பல மடங்கு. அறிவியலில் ஆய்வகத்துக்கு மாற்றான எழுத்துத் தாள் இருப்பது அதன் வசதி. அடுத்து பன்னிரண்டாம் வகுப்பு நிலையான ஏ லெவல் போகும்போது அந்த வசதி இல்லை, உண்மையான ஆய்வகம் வேண்டும்.

வைகை_வடகரை:

இடையில் ஒரு கேள்வி. என்ஐஓஎஸ்ஸில் படித்தால் நீட் எழுத முடியாது என்று எங்கள் பகுதி கோச்சிங் சென்டரில் அடித்துச் சொல்கிறார்கள். அரசு வேலைக்கும் செல்லாதாமே?

தனித்தேர்வர்_மேசை:

நீட் பற்றிச் சொன்னது பழைய கதை. திறந்தநிலைப் பள்ளி மாணவர்களைத் தடுத்த விதியை டெல்லி உயர்நீதிமன்றம் 2018-இல் நீக்கியது, 2024-இல் உச்சநீதிமன்றமும் அவர்கள் எழுதலாம் என்பதை உறுதிசெய்துவிட்டது. ஜேஇஇ மெயினுக்கும் என்ஐஓஎஸ் பன்னிரண்டாம் வகுப்பு ஐந்து பாடங்களோடு செல்லும்.

அரசு வேலை பற்றிப் பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்ல மாட்டேன். மாநில வேலைகளுக்கான சமநிலை குறித்த அரசாணைகள் மாறக்கூடியவை. மகள் பத்து எழுதும் ஆண்டில் நடைமுறையில் இருக்கும் ஆணையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சி மனதில் இருந்தால் மாநிலப் பாடத்திட்டத் தனித்தேர்வே சண்டையில்லாத வழி. எந்த வழியானாலும் தமிழை விடாதீர்கள், தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

தெப்பக்குளம்:

சலுகைகளை யாரும் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். சேரும்போது இதை யோசிப்பவர்கள் குறைவு.

மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத ஒதுக்கீடு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் அரசுப் பள்ளி அல்லது அரசு உதவிபெறும் பள்ளித் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு. வேலையில் தமிழ்வழிக்கான 20 சதவீத முன்னுரிமைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே பள்ளிச் சான்று கேட்கிறார்கள். இவை எல்லாம் வீட்டுக்கல்வியில் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரிக் பள்ளியில் தொடர்ந்தாலும் உங்கள் மகளுக்கு முதல் இரண்டும் இல்லைதான். ஆனால் மகன் விஷயத்தில் இது உண்மையான இழப்பு, அவனுக்கு எல்லாக் கதவும் இன்னும் திறந்தே இருக்கிறது.

மகள் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்திருந்தால் வெளியே வந்தபின் அந்த இடம் திரும்பாது. அது நுழைவு வகுப்பில் மட்டும்தான்.

விளையாட்டில் இருக்கிற பிள்ளையா? மாவட்டச் சங்கப் போட்டிகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் போதும். பள்ளிகளுக்கிடையேயான குடியரசு தின, பாரதியார் தினப் போட்டிகளுக்கு பள்ளி போனஃபைடு (அங்கே படிப்பதற்கான சான்று) இல்லாமல் நுழைய முடியாது. இலவசப் பஸ் பாஸும் அப்படித்தான்.

தமிழ்நாட்டில் தொடர்ந்து படித்ததற்குப் பள்ளிச் சான்று இருக்காது. ஆகவே இன்ஜினியரிங், மருத்துவக் கலந்தாய்வு சமயத்தில் இ-சேவை மையம் வழியாக நேட்டிவிட்டி சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும். ஜூன் மாதம் தாலுகா ஆபீஸ் நிலவரம் தெரியும் அல்லவா, பத்து முடித்ததுமே வாங்கி வையுங்கள்.

கரும்பலகை_இல்லாத_வீடு:

படிப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே! அனுமதியும் சான்றிதழும் ஆண்டுக்கு நாலு நாள் வேலை. மீதி 361 நாள் என்ன செய்வது?

பத்து வயதுக்கு உட்கார்ந்து படிக்கும் நேரம் இரண்டரை முதல் மூன்று மணி போதும், அதற்கு மேல் இழுத்தால் அடுத்த நாள் வேலைநிறுத்தம். காலையில் கணிதம் 45 நிமிடம், தமிழ் வாசிப்பும் எழுத்தும் 40, ஆங்கிலம் 40. அறிவியலும் சமூக அறிவியலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 45. பள்ளி மணி அடிப்பது போல எட்டுப் பீரியட் போட்டு அட்டவணை ஒட்டும் வீடுகள் இரண்டாவது மாதமே அதைக் கிழிக்கின்றன.

எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதப் போவதாக இருந்தால் மாநிலப் பாடநூல்களையே முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். பாடநூல் கழகத் தளத்தில் பிடிஎஃப் இலவசம். ஏழாம் வகுப்பு வரை மூன்று பருவம், எட்டிலிருந்து ஒரே புத்தகம். ஆறு, ஏழின் ஆறு பருவத்தையும் இரண்டாண்டில் முடிக்க ஒரு பருவத்துக்கு நான்கு மாதம் கிடைக்கும், தாராளம். கணிதத்துக்கு மட்டும் என்சிஇஆர்டி புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

தொடங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு நான்காம் வகுப்பு மூன்றாம் பருவக் கணக்கைக் கொடுங்கள். வகுத்தலில் மீதி, பின்னங்களை ஒப்பிடுவது – இந்த இரண்டில் ஒன்று பெரும்பாலும் ஆடும். ஆடும் இடத்திலிருந்து தொடங்குங்கள், ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து அல்ல. பின்னம் சரியில்லாமல் ஏழாம் வகுப்பு இயற்கணிதத்துக்குள் போனால் "எனக்குக் கணக்கு வராது" என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது.

வீட்டில் படிக்கும் பிள்ளைகள் தேர்வில் சறுக்குவது பாடம் தெரியாமல் அல்ல, எழுதிப் பழக்கம் இல்லாமல். வாயால் அழகாகச் சொல்வார்கள், மூன்று மணி நேரத் தாளில் முக்கால்வாசிதான் எழுதி முடிப்பார்கள். பதினொரு வயதிலிருந்து வாரம் ஒரு நாள் கடிகாரம் வைத்து அரை மணி நேரம் எழுதட்டும். ஆண்டுக்கு அரை மணி கூட்டிக்கொண்டே போங்கள், 14 வயதில் இரண்டு மணியைத் தொட்டுவிடலாம். கடைசி ஆண்டு முழுத் தாள்.

ஒரு கோப்பு போடுங்கள். மாதத்துக்குப் பாடவாரியாக இரண்டு எழுத்துத் தாள், தேதியோடு. படித்த புத்தகங்களின் பட்டியல், செய்த சோதனைகளின் படம். சட்டம் இதைக் கேட்பதில்லை. ஆனால் வட்டார வள மையத்திலிருந்து ஆள் வந்தாலும், பின்னால் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பு கேட்டாலும், இந்தக் கோப்பைக் காட்டினால் பேச்சு பத்து நிமிடத்தில் முடியும்.

நொய்யல்_கரை:

எல்லோருக்கும் நன்றி. எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு இருப்பதே தெரியாது. மகனை ஆறு வயதில் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்ப்பது பற்றி மறுபடி யோசிக்கிறோம்.

இன்னும் இரண்டு கேள்வி. எங்களைப் போல இன்னும் நான்கு குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு வீட்டு மாடியில் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து, ஒரு ஆசிரியைக்குச் சம்பளம் பகிர்ந்து கொடுத்து நடத்தலாமா? அடுத்தது, மகளின் ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பிறப்புச் சான்றிதழில் இனிஷியலே இல்லை. இப்போதே மாற்ற வேண்டுமா?

படிவம்_பதினொன்று:

மாடி விஷயத்தில் கவனம். பெற்றோரைத் தண்டிக்காத அதே சட்டம் அங்கீகாரம் இல்லாத பள்ளி நடத்துபவரைத் தண்டிக்கிறது. பிரிவு 18-இன்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்கு 10,000. வாரம் இரண்டு நாள் மாலையில் கூடி அறிவியல் சோதனை செய்வதும், ஆளுக்கொரு வீட்டில் மாறி மாறி உட்காருவதும் பள்ளி ஆகாது. பெயர்ப் பலகை, சீருடை, காலை 9 முதல் 3 வரை தினசரி வகுப்பு, மாதக் கட்டண ரசீது, வெளியாருக்குச் சேர்க்கை என்று போனால் பள்ளி போலத்தான் தெரியும். ரசீதும் பலகையும் இல்லாமல், ஆசிரியைக்கு ஒவ்வொரு குடும்பமும் நேரடியாக டியூஷன் சம்பளம் கொடுப்பது பாதுகாப்பு. அப்போதும் அந்தந்தப் பிள்ளைக்கு வீட்டில் கற்பிக்கும் பொறுப்பு அந்தந்தப் பெற்றோரிடமே இருக்கட்டும்.

இனிஷியலை இப்போதே சரிசெய்யுங்கள். முதலில் பிறப்புச் சான்றிதழ், அதை வைத்து ஆதார், அப்புறம்தான் தேர்வு விண்ணப்பம். வரிசை மாறினால் இரண்டு முறை அலைய வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சாகும் பெயர்தான் பாஸ்போர்ட்டிலிருந்து ஜேஇஇ விண்ணப்பம் வரை எல்லாவற்றுக்கும் மூலம், அதை மாற்றுவது பெரிய பாடு. தமிழ்நாட்டுக்கு வெளியே உள்ள படிவங்கள் தனி எழுத்தைப் பெயராக ஏற்கத் தயங்குவதும் உண்டு. அப்பா பெயரை முழுதாகப் போடுவதா, எழுத்தாக விடுவதா என்று இப்போதே முடிவு செய்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வையுங்கள். மகளுக்கு 15 வயது ஆனதும் ஆதாரில் கைரேகை, கண் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், 17 வரை கட்டணம் இல்லை. பள்ளியில் முகாம் போட்டுச் செய்துவிடுவார்கள், வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள். 2030 ஆகஸ்ட் என்று குறித்துக்கொள்ளுங்கள்.